மைலுக்கு 67 சென்ட்

பெட்ரோல் போட்ட ரசீதுகளை எல்லாம் ஒரு ஷூ பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். 2023 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை, ஒன்றுகூட விடாமல். நியூ ஜெர்சியில் பங்க்கில் நாமே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஊழியர்தான் வந்து போடுவார். அதனால் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை இறக்கி, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதரிடம் ரசீது கேட்டு வாங்க வேண்டும். அப்படிச் சேர்த்த பெட்டி. 2024 மார்ச்சில் எங்கள் வரிக் கணக்கைப் பார்க்கும் சி.பி.ஏ. அம்மாவின் மேசையில் அதைப் பெருமையோடு வைத்தேன். திருச்சிக்காரர், எடிசனில் இருபது வருடமாக இதே வேலை. மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

“இது வேண்டாம். மைல் கணக்கு எங்க?”

“ஒரு ஆறாயிரம் மைல் இருக்கும் மேடம்.”

“இருக்கும்னா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சமையலறைச் சாமான்கள்: டப்பாக்கள், கத்திகள், பேக்கிங் தட்டுகள். கடையில் கிடைக்காது, ஆள் மூலம்தான் விற்பனை. ஒருவர் வீட்டில் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டி, சுண்டலும் டீயும் கொடுத்து, டப்பாவின் மூடி எப்படி இறுகுகிறது என்று காட்டி ஆர்டர் எடுப்பது. இதற்குப் பார்ட்டி என்று பெயர். 1950களில் டப்பர்வேர் நிறுவனத்துக்காக பிரவுனி வைஸ் என்ற பெண்மணி அமெரிக்கா முழுக்கப் பரப்பிய முறை இது. விற்பவர் வீடு, வாங்குபவர் வீடு, நட்பு, வியாபாரம் எல்லாம் ஒன்றோடொன்று கலப்பதில்தான் இந்தத் தொழிலின் வெற்றியே இருக்கிறது. வரிச் சட்டமோ, இவை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது. என் தலைவலி எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பல வருடம், கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் வீட்டிலேயே இருந்தேன். வேலை அனுமதி அட்டை வந்த பிறகு கையில் கிடைத்த முதல் வாய்ப்பு இது. சேர்த்துவிட்டவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்தத் தொழில் பாஷையில் அவர் என் அப்லைன். நான் விற்றால் அவருக்கும் ஒரு பங்கு போகும். சேர்ந்த அன்றைக்கே அவர் சொன்னார்: “பிசினஸ்னு ஆயிட்டா எல்லாத்தையும் வரியில கழிச்சுக்கலாம்டா. எங்க போனாலும் கைல ஒரு கேட்டலாக் எடுத்துட்டுப் போ. மளிகை வாங்க படேல் பிரதர்ஸ் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, அது பிசினஸ் மைல்.”

நம்பினேன். ஆறாயிரம் மைல் வந்த வழி அதுதான்.

எங்களைப் போன்ற நேரடி விற்பனையாளர்களை அமெரிக்க வரிச் சட்டம் ஊழியர்களாகப் பார்ப்பதில்லை. நாம் தனித் தொழில் நடத்துகிறவர்கள். ஆகவே 1040 என்ற வருமான வரிப் படிவத்தோடு ஷெட்யூல் சி என்ற தாளை இணைக்க வேண்டும். மேலே வரவு, கீழே செலவு. ஒன்பதாவது வரி காருக்கு. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஒவ்வொரு வருடத்துக்கும் மைலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அறிவிக்கும். 2023-க்கு 65.5 சென்ட், 2024-க்கு 67, 2025-க்கு 70. பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர், ரிப்பேர், காரின் மதிப்புத் தேய்வது எல்லாம் அந்தச் சென்ட்டுக்குள்ளேயே அடக்கம். அதனால்தான் என் ஷூ பெட்டிக்கு வேலை இல்லாமல் போனது. டோலும் பார்க்கிங்கும் மட்டும் தனி. இந்த முறை வேண்டாம் என்றால் உண்மைச் செலவைக் கூட்டி, தொழிலுக்கு ஓடிய விகிதத்தில் கழிக்கலாம். ஆனால் சொந்தக் காரைத் தொழிலுக்கு ஓட்டத் தொடங்கும் முதல் வருடமே மைல் முறையை எடுத்துக்கொண்டால்தான் பிறகு விருப்பப்படி மாற முடியும். எங்களுடையது பழைய டொயோட்டா சியன்னா. உண்மைச் செலவுக் கணக்கு போட்டுப் பார்க்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

தாளின் பின்பக்கத்தில் நான்காம் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கார் தொழிலுக்கு எத்தனை மைல் ஓடியது, வேலைக்குப் போய்வர எத்தனை, மற்றபடி எத்தனை? சொந்த உபயோகத்துக்கு வேறு கார் உண்டா? கடைசியாக 47-ஆவது வரி: உங்கள் கணக்குக்கு ஆதாரம் இருக்கிறதா? இருந்தால், அது எழுத்தில் இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். அந்த அம்மா பேனா முனையை இரண்டாவது கேள்வியின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எழுத்துல இல்லன்னா நான் ‘ஆம்’னு போட மாட்டேன். நீங்களும் போடக் கூடாது.”

அன்று அவர் ஒரு கதை சொன்னார். 1920களில் ஜார்ஜ் எம். கோஹன் என்று ஒரு பிராட்வே நாடகப் பிரபலம். நடிகர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் விருந்து வைத்தே ஏகப்பட்ட பணம் செலவழித்தார், கணக்கு எழுதவில்லை. வரித்துறை ஒரு பைசாகூடத் தர முடியாது என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், 1930-இல் நீதிபதி லேர்னட் ஹாண்ட் தீர்ப்புச் சொன்னார்: செலவு செய்தது உறுதி என்றால் ஒன்றுமே இல்லை என்று மறுக்கக் கூடாது, உத்தேசமாகக் கொஞ்சம் கொடுங்கள், கணக்கு வைக்காத குறை அவருடையது என்பதால் தாராளம் காட்ட வேண்டியதில்லை. அப்புறம் முப்பது வருடம் எல்லோரும் கோஹனைக் காட்டியே தப்பித்தார்கள். 1962-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பயணச் செலவுக்கும் விருந்துச் செலவுக்கும் அந்தக் கதவைச் சாத்தியது. 1984-இல் கார்களும் அதே கெடுபிடிக்குள் வந்தன. அன்றன்றைக்கே எழுதிய கணக்கு வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஊரெல்லாம் கத்தியதில் மறுவருடமே அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆனால் தேதி, இடம், தூரம், எதற்காகப் போனோம் என்ற நான்கும் வேண்டும் என்பது நிலைத்துவிட்டது. காருக்கு இன்று உத்தேசம் செல்லாது.

“ஆறாயிரம்னு முழுசா ஒரு நம்பர் சொல்றீங்க பாருங்க, அதுவே உங்களைக் காட்டிக்கொடுத்துடும்” என்றார். உண்மையான கணக்கு ஒருபோதும் மூன்று பூஜ்யத்தில் போய் நிற்காதாம்.

இரண்டு வாரம் உட்கார்ந்து பழையதைத் தோண்டினேன். ஆர்டர் விவரங்களில் தேதியும் முகவரியும் இருந்தன. கைபேசி காலண்டரில் பார்ட்டிகள். டர்ன்பைக் என்ற டோல் சாலையில் எத்தனை மணிக்கு ஏறினேன், இறங்கினேன் என்று, டோல் கட்டும் ஈஸி பாஸின் அறிக்கை சொன்னது. இப்படிப் பிறகு கட்டி எழுப்பும் கணக்கு பலவீனமானது. வேறு தாள்கள் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னால் மட்டுமே கொஞ்சம் மதிப்பு. சாட்சி இல்லாததை எல்லாம் அடித்துவிட்டு மிஞ்சியது 2,216 மைல். ஆறாயிரத்தில் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் படேல் பிரதர்ஸும் கோயிலும்தான்.

கேட்டலாக் மந்திரம் ஏன் பலிக்காது என்றால், பயணத்தின் முதன்மையான நோக்கம் எது என்றுதான் சட்டம் பார்க்கிறது. கத்திரிக்காய் வாங்கப் போன இடத்தில் கேட்டலாக்கைக் காட்டினாலும் அது கத்திரிக்காய்ப் பயணம்தான். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குச் சனிக்கிழமை போகும்போது, அங்கே வரும் தோழியிடம் கொடுக்க ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டால் பெருமாள் வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார். எங்கள் குழுவில் ஒருவர் கம்பெனி ஸ்டிக்கரைக் காரின் பின்கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டு, இனி ஓடுகிற மைல் எல்லாம் விளம்பர மைல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐ.ஆர்.எஸ். இதை முன்பே யோசித்துவிட்டது: விளம்பரம் ஒட்டியதால் சொந்தப் பயணம் தொழில் பயணம் ஆகாது என்று கார் செலவுக்கான 463-ஆம் எண் கையேட்டில் பளிச்சென்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் யோசனை அவருக்கு முன்னால் எத்தனை பேருக்கு வந்திருந்தால் அது கையேட்டில் ஏறியிருக்கும்!

அடுத்து வந்ததுதான் நான் எதிர்பார்க்காத சிக்கல். வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போய்வருவது யாருக்கும் வரிக் கழிவு ஆகாது. அமெரிக்க வரிச் சட்டத்தின் பழைய பிடிவாதங்களில் ஒன்று இது. வீடே உங்கள் தொழிலின் முதன்மை இடம் என்று நிரூபித்தால்தான், வாசலை விட்டு வண்டி இறங்கியதுமே தொழில் மைல் ஆரம்பம். இல்லாவிட்டால் நம் ஊர்ச் சுற்றுவட்டாரத்துக்குள், வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளர் வரைக்கும் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு வரைக்கும் போகிற தூரம் அடிபட்டுவிடும். நிரூபிக்க வேண்டுமென்றால் வீட்டில் ஓர் இடம் தொழிலுக்கு மட்டுமே, வழக்கமாகப் பயன்பட வேண்டும். அந்த ‘மட்டுமே’யில் நான் மாட்டிக்கொண்டேன்.

“எங்க உட்கார்ந்து ஆர்டர் போடுறீங்க?”

“டைனிங் டேபிள்ல.”

“அதுல வேற என்ன நடக்கும்?”

சாப்பாடு. பையனின் வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை தோசை மாவுக்கு உளுந்து பொறுக்குவது. சொல்லிக்கொண்டே போனேன், அவர் சிரித்துவிட்டார். நல்லவேளை, பேஸ்மென்ட் மூலையில் ஒரு சின்ன மேசையும் அலமாரியும் இருந்தன. 2023 ஏப்ரலில் அங்கே சாமான்களை மாற்றி, ஆர்டர் தாள்களையும் அங்கேயே வைத்திருந்தேன். ஆறடிக்கு எட்டடி. அதை அளந்து, படம் எடுத்து, டைனிங் டேபிளில் இருந்து லேப்டாப்பையும் நிரந்தரமாகக் கீழே இறக்கினேன். எளிய முறையில் சதுர அடிக்கு 5 டாலர். என் 48 சதுர அடிக்கு வருடத்துக்கு 240 டாலர். தொகை அற்பம்தான். ஆனால் அந்த மூலை இருந்தால்தான் என் மைல்கள் செல்லுபடியாகும். 2023-இல் ஏப்ரலுக்கு முந்தைய பயணங்களில் இன்னும் கொஞ்சத்தை அடித்தோம்.

2024 ஜனவரி ஒன்றாம் தேதியே ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அது என் கணவர் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னது, அவருக்குரிய பெருமையை இங்கே கொடுத்துவிடுகிறேன். மேடத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் ஒன்றரை டாலர் ஸ்பைரல் நோட்டு ஒன்றை வாங்கிக் காரில் போட்டேன். அந்த வருடத்தில் அதுவரை ஓடியதை, ஞாபகம் சூடாக இருக்கும்போதே, ஆர்டர்களை வைத்து எழுதினேன். ஆப் இருக்கிறது, தானாகக் கணக்கெடுக்கும் என்றார்கள். போட்டுப் பார்த்தேன்; அது எல்லாப் பயணத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு இரவில் எது தொழில், எது சொந்தம் என்று கேட்கும். பதில் சொல்வதற்குள் தூங்கிவிடுவேன். நோட்டு எனக்குச் சரியாக வந்தது. அன்றன்றைக்கு எழுத முடியாவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை, பையனைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுவேன். (அந்தப் பயணமும் கழிவா என்று ஒரு தோழி கேட்டாள். சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது கழிவு ஆகாது தாயே.)

நோட்டில் நான்கு பத்திதான். ‘மார்ச் 19. பார்சிப்பனி. பயிற்சிக் கூட்டம். 58.’ ‘மார்ச் 22. ப்ளெயின்ஸ்பரோ. டெலிவரி. 38.’ இப்படியே போகும்.

எழுதும்போது எதுவும் தோன்றவில்லை. டிசம்பர் கடைசியில் கூட்டிப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக அந்த நோட்டைப் படித்தேன். கார் மொத்தம் 11,482 மைல் ஓடியிருந்தது, தொழிலுக்கு 3,906. அதில் பார்ட்டிகளுக்குப் போனது 1,120. டெலிவரி 940. தபால் நிலையம், வங்கி, சில்லறைச் சாமான் வாங்கியது 338. மீதி 1,508 மைல், ஒன்றுவிட்டு ஒன்று செவ்வாய்க்கிழமை மாலையில் அக்கா நடத்தும் பயிற்சிக் கூட்டங்களுக்கு, இருபத்தாறு தடவை போய்வந்தது. பார்ட்டிகளுக்கு ஓட்டியதைவிட, எப்படிப் பார்ட்டி நடத்துவது என்று கேட்கப் போனது அதிகம். சட்டப்படி அதுவும் தொழில் பயணம்தான், மேடம் தயங்காமல் சேர்த்துக்கொண்டார். எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது.

அந்த ப்ளெயின்ஸ்பரோ டெலிவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 32 டாலர் டப்பா செட். எனக்குக் கிடைத்தது 8 டாலர். போய்வர 38 மைல், 67 சென்ட் கணக்கில் 25 டாலர் 46 சென்ட். அந்த அம்மா நல்ல ஃபில்டர் காபி கொடுத்தார் என்பதைத் தவிர, அந்த மாலையில் எனக்கு லாபம் என்று எதுவும் இல்லை.

‘வரியில் கழித்துக்கலாம்’ என்ற வார்த்தை எப்படி ஏமாற்றுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. 67 சென்ட்டை யாரும் நம் கையில் தருவதில்லை. அது நாம் செலவு செய்ததாக அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் தொகை. அதன்மேல் வரி விழாது, அவ்வளவே. என் கணவரின் சம்பளத்தோடு சேர்த்து 22 சதவீத வருமான வரி அடுக்கில் இருக்கிறோம். சுயதொழில் வரி 15.3 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மைலுக்கு எனக்கு மிச்சமாவது இருபது, இருபத்திரண்டு சென்ட். மற்ற நாற்பத்தைந்து சென்ட் என் சியன்னாவின் டயரிலும் எஞ்சினிலும் நிஜமாகவே கரைந்துகொண்டிருந்தது. கழிவு பெரிதாக இருக்கிறதென்றால் செலவு பெரிதாக இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு சி.பி.ஏ. தேவையில்லைதான். ஆனால் குழுவில் எல்லோரும் யாருடைய கழிவு பெரிது என்று பேசிக்கொண்டிருக்கும்போது இது தோன்றுவதில்லை.

2024 கணக்கு இப்படி முடிந்தது. எனக்கு வந்த கமிஷன் 4,850 டாலர். மாதிரிச் சாமான், கேட்டலாக், தபால் என்று 1,390. மைல் கணக்கில் 2,617 டாலர். டோல் 212. பேஸ்மென்ட் மூலை 240. லாபம் 391. சுயதொழில் வரி 400 டாலரில் இருந்துதான் ஆரம்பம். மயிரிழையில் தப்பித்தேன். அக்காவிடம் சொன்னபோது, “பாத்தியா, ஒரு பைசா வரி இல்ல!” என்று குழுவில் எல்லோருக்கும் சொன்னார். அதுவரை அந்த வருடம் மூவாயிரம் டாலருக்குக் குறையாமல் சம்பாதித்ததாக நான் அம்மாவிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். காரைக் கணக்கில் சேர்க்காதவரை அது உண்மையும்கூட.

மேடம் வேறொன்றும் சொன்னார். ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது லாபம் காட்டினால், இது தொழில்தான் என்று சட்டமே நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும். வருடா வருடம் நஷ்டம் காட்டி அதைக் கணவர் சம்பளத்தில் கழித்துக்கொண்டே இருந்தால், இது தொழிலா பொழுதுபோக்கா என்று கேள்வி வரும். பொழுதுபோக்கு என்று முடிவானால் வரவுக்கு வரி உண்டு, செலவுக்குக் கழிவு கிடையாது, 2018-இலிருந்து அப்படித்தான். இந்த மாதிரி நேரடி விற்பனைக்காரர்களின் வழக்குகள் பல வரி நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. தோற்றவர்களிடம் நீதிபதிகள் திரும்பத் திரும்பக் கண்ட குறை ஒன்று: தொழிலைப் பற்றிய ஆலோசனையை எல்லாம் அப்லைனிடமே கேட்டார்கள், வெளியாள் ஒருவரிடமும் கேட்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்குப் பார்சிப்பனி போகும் சாலை கண்முன் வந்து போனது.

2025-இல் செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களை நிறுத்தினேன். பையனுக்கு நீச்சல் வகுப்பு என்று காரணம் சொன்னேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. டெலிவரியை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கி, ரூட் ஒன் பக்கம் ஒரு வாரம், ரூட் 27 பக்கம் ஒரு வாரம் என்று வட்டமாகப் போனேன். 50 டாலருக்குக் கீழே என்றால் தபாலில் அனுப்பினேன். சிலருக்குக் கோபம். ப்ளெயின்ஸ்பரோ அம்மா, காபி குடிக்கவாவது வா என்றார். போனேன், நோட்டில் எழுதவில்லை.

விற்பனை குறைந்தது. கமிஷன் 3,900. சாமான் செலவு 1,050, டோல் 58, மூலை அதே 240. மைல் 1,644, இப்போது 70 சென்ட், ஆக 1,151 டாலர். லாபம் 1,401. 2026 மார்ச்சில் போனபோது மேடம் 47-ஆவது வரியைக் கேட்கக்கூட இல்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார், மஞ்சள் கறை பட்ட ஒரு பக்கத்தில் நின்று “இது என்ன, சாம்பாரா?” என்றார், இரண்டு ‘ஆம்’களைப் போட்டார். சுயதொழில் வரி மட்டும் 198 டாலர்.

அன்று மாலை அக்கா கூப்பிட்டார். பேச்சுவாக்கில் வரி முடிந்ததா என்று கேட்டார். இந்தத் தடவை கட்ட வேண்டி வந்தது என்றேன்.

“கட்டினியா?” அவர் குரலில் நிஜமான கவலை. “எத்தன மைல் போட்ட?”

“ஆயிரத்து அறுநூத்தி நாப்பத்தி நாலு.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அதான். எங்கயோ விட்டுட்ட. நல்லா யோசிச்சுப் பாரு, செவ்வாய்க்கிழமை வா, சேர்ந்து உட்கார்ந்து பாக்கலாம்” என்றார்.